நம்மூரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு

தை, மாசியில் எங்கள் கருவேப்பிலங்குறிச்சி வழியாகப் பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் போகும். முன்கண்ணாடியில் துணிப் பேனர், உள்ளே பாட்டுச் சத்தம், ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கை. விருத்தாசலத்திலிருந்து கிளம்பி ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் கடந்து கங்கைகொண்டசோழபுரம் போகிற வண்டிகள். சில வண்டிகள் இங்கே டீக்கு நிற்கும். பிள்ளைகள் இறங்குவார்கள், பிஸ்கெட் வாங்குவார்கள், ஏறிவிடுவார்கள். வரலாறு இன்னும் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்பது வாத்தியாருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். யாருக்கும் இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதுதான் எனக்குச் சங்கடம்.

போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இதையே வாய்விட்டுச் சொன்னார். படித்தவர், நாலு பேர் மதிக்கிறவர். "நம்மூர்ல என்னங்க இருக்கு? சோழன் கட்டுனது ஒண்ணு உண்டா, ஒரு சண்ட நடந்துச்சா, ஒரு தலைவர் பொறந்தாரா? புள்ளைங்களுக்கு ஜாடியும் பானையும் காட்டி வரலாறுன்னு சொன்னா அது வெளையாட்டுங்க. வரலாறுங்கறது ஆராய்ச்சிக்காரன் வேல." என் மகளும் மகனும் வீட்டில் செய்துகொண்டிருந்த காரியத்தைப் பற்றி நான் வாய் தவறிச் சொல்லிவிட்டதற்குக் கிடைத்த பதில் இது. பாயசம் ஆறிக்கொண்டிருந்ததால் அன்றைக்கு நான் வாதாடவில்லை. இப்போது இலை எடுத்தாயிற்று.

சோழனிடமிருந்தே தொடங்கலாம். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழரின் தாய், பத்தாம் நூற்றாண்டுக்காரர். இதை வரலாறு என்று ஒப்புக்கொள்வதில் பந்திக்காரருக்குத் தடை இராது. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் எதைப் பேசுகின்றன? மேலே அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி கொஞ்சம். அதற்குக் கீழே கணக்கு. ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். கோயில் கோயிலாக இதே கணக்குதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பால்காரர் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சமையலறை நாள்காட்டியில் அம்மா பென்சிலால் போடும் பால் கணக்கும் அந்த வகைதான். ஒன்று கருங்கல்லில் இருப்பதால் வரலாறு, மற்றது காகிதத்தில் இருப்பதால் குப்பை என்றால், நாம் மதிப்பது விஷயத்தையா, கல்லையா?

"ஒண்ணும் இல்ல" என்கிற ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குச் சொல்வதெழுதுதலில் ஒரு மதிப்பெண் போனது. அவள் 'கருவேப்பிலை' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து 'கறிவேப்பிலை' என்று திருத்தியிருந்தார்கள். திருத்தம் சரி, கறிக்குப் போடுகிற வேப்பிலை அது, அகராதி அப்படித்தான் சொல்லும். ஆனால் அதே நோட்டின் அட்டையில், ஊர் என்ற இடத்தில், 'கருவேப்பிலங்குறிச்சி' என்று இருக்கிறது. அதை யாரும் அடிக்கவில்லை. பஸ் பலகையிலும், தபால் முத்திரையிலும், போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் அதே எழுத்துதான். "மரம் தப்பு, ஊர் மட்டும் எப்படிப்பா சரி?" என்றாள். படித்தவர் எழுத்து பாடப்புத்தகத்தில் நின்றுவிட்டது, சனங்களின் பேச்சு ஊர்ப்பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அடுத்த கேள்வி தயாராக இருந்தது. குறிச்சி என்றால் மலைப்பக்கத்து ஊர் என்று அகராதியில் போட்டிருக்கிறதே, மலை எங்கே?

விருத்தாசலத்துக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். முதுகுன்றம் என்ற தமிழ்ப் பெயரைத்தான் வடமொழியில் விருத்தாசலம் ஆக்கினார்கள்; விருத்தம் பழையது, அசலம் மலை. போய்ப் பார்த்தால் கண்ணுக்குக் கோபுரம்தான் தெரியும், குன்று தெரியாது. மலை கோயிலுக்கு அடியில் அழுந்திக் கிடக்கிறது என்பது தல புராணம். சுந்தரர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்ற கதையும் இங்கேதான். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிறான்' என்று நாம் தினம் சொல்கிற பழமொழிக்கு ஊர் விலாசம் இது. புராணத்தை வரலாறு என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயர் ஏன் வந்தது, யார் மாற்றினார்கள், யார் இன்னும் பழைய பெயரைச் சொல்கிறார்கள் என்று கேட்க வைத்தால் போதும். காலணா செலவில்லை. இந்த ஊர்ப்பக்கம் பழமலை என்று எத்தனை பேருக்குப் பெயர் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: புதுமைப்பித்தனின் இயற்பெயரே விருத்தாசலம்தான் என்று சொன்னால் பெரியவர்களே நம்ப மறுக்கிறார்கள்.

ஜாடிக்கு வருகிறேன். பந்திக்காரர் சிரித்தது அதற்குத்தான்.

எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி ஆயாவின் கல்யாணச் சீரோடு வந்தது. தோள்பட்டை பழுப்பு, கீழே சந்தன நிறம், எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே ஜாடி. ஒரு நாள் அதைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்தபோது என் மகன் அடியைத் தடவிக்கொண்டே இருந்தான். "எதுக்குடா அதப் போயி நோண்டிக்கினு இருக்குற?" என்று ஆயா அதட்டினார். "ஆயா, மேல வழவழன்னு இருக்கு, அடியில மட்டும் சொரசொரன்னு இருக்கே?" என்றான். ஐம்பது வருஷமாக அந்த ஜாடியைக் கழுவிய ஆயாவுக்கும், நாற்பது வருஷமாக அதிலிருந்து ஊறுகாய் தின்ற எனக்கும் தோன்றாத கேள்வி.

பதிலுக்கு விருத்தாசலம் போனோம். பீங்கான் தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. பீங்கான் தொழிலுக்கென்றே டிப்ளமோ சொல்லிக்கொடுக்கும் அரசு நிறுவனமும் இருக்கிறது. பொம்மை செய்கிற ஒரு பட்டறைக்காரர் ஜாடி அடியின் ரகசியத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். கிளேஸ் என்பது சூளையில் கண்ணாடியாக உருகும். அடியிலும் பூசினால் பாண்டம் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அடியை மட்டும் துடைத்துவிட்டு அடுக்குவார்கள். அந்தச் சொரசொரப்பு, யாரோ ஒரு பெண்ணோ ஆணோ ஈரத் துணியால் துடைத்த கைத்தடம்.

பொம்மை செய்வதையும் பார்த்தோம். களிமண்ணைத் தண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க உள்சுவரில் மண் ஏடு கட்டுகிறது. தேவையான கனம் வந்ததும் மீதிக் கரைசலைத் திருப்பி ஊற்றிவிடுகிறார்கள். உள்ளே வெற்றாக, பிள்ளையார் நிற்கிறார். கொலுப் பொம்மையின் அடியில் இருக்கும் ஓட்டை அந்தக் கரைசல் வெளியேறிய வழி. பக்கவாட்டில் காதிலிருந்து பாதம் வரை ஓடுகிற மெல்லிய கோடு, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். எங்கள் வீட்டுக் கொலுவில் பத்து வருஷமாக உட்கார்ந்திருந்த செட்டியார் பொம்மைக்கு அந்தக் கோடு இருக்கிறதா என்று வந்தவுடன் தூக்கிப் பார்த்தார்கள். இருந்தது. கோட்டின் மேல் வர்ணம் பூசி மறைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து செய்தது இன்னும் சின்னக் காரியம். ஏரிக்கரைக் களிமண்ணைத் துணியில் வடிகட்டி, பட்டையாகத் தட்டி, அதில் ஸ்கேல் வைத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறி, நிழலில் காயப் போட்டார்கள். நாலாம் நாள் கோடு ஒன்பதே சொச்சம் இருந்தது. மகள் ஸ்கேலைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்படின்னா அச்சு, பொம்மையவிடப் பெருசா இருக்கணுமேப்பா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு தொழிலின் கணக்கு முழுக்க இருக்கிறது. காயும்போது சுருங்கும், 1,200 டிகிரிக்கு மேல் வேகும்போது இன்னும் சுருங்கும். அதையெல்லாம் முன்கூட்டியே எண்ணித்தான் அச்சு வார்க்கிறவர் வார்க்கிறார். மீட்டர் பெட்டியில் இருக்கும் வெள்ளைப் பீஸ் கட்டைக்கும் இந்தக் கணக்குதான். அளவு பிசகினால் அது தன் குழிக்குள் உட்காராது.

மண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எங்களை நெய்வேலிக்குக் கொண்டுபோனது. 1956-இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கிய பிறகு, பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணைத் தள்ளினார்கள். அதில் வெள்ளைக் களிமண்ணும் வந்தது. நிலக்கரி இருக்கிற சங்கதியே ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வந்த கறுப்புப் பொருளில்தான் தெரியவந்தது. கீழடியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் 1970-களில் கிணறு வெட்டியபோது வந்த பொருள்களை ஒரு பள்ளி ஆசிரியர்தான் முதலில் கவனித்து எடுத்து வைத்தார். இரண்டு கிணறு, இரண்டிலும் முதலில் நின்று பார்த்தவர் ஆராய்ச்சிக்காரர் இல்லை. ஆராய்ச்சிக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வருவதற்கு முன் யாராவது ஒருவர் "இது என்ன?" என்று நிற்க வேண்டும், அவ்வளவுதான். (கிணற்றில் உங்களுக்கு ஏதாவது கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லிவிடுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதெல்லாம் அதில் அடங்கும். பிள்ளைகளை மண்வெட்டியோடு அனுப்பாதீர்கள்; கேள்வியோடு அனுப்பினால் போதும்.)

கீழடி ஓட்டுச் சில்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக் கை கூப்புகிறோம். அதுவும் ஒரு காலத்தில் யார் வீட்டு அடுப்பங்கரையிலோ உடைந்ததுதான்.

பிள்ளைகள் சேகரிப்பது ஆதாரம் ஆகாது என்பது அடுத்த வாதம். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை, சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் நோட்டுகளைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். ஊர்க் கதை, கைவைத்தியம், பஞ்ச காலத்து நினைவு, வெண்ணெய் கடைகிற முறை, வயல்களின் பெயர். அந்தப் பதினோரு, பன்னிரண்டு வயதுக் கையெழுத்துகள் இன்றைக்கு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் லட்சக்கணக்கான பக்கங்களாக இருக்கின்றன. பேராசிரியர்கள் அவற்றைப் புரட்டித்தான் கட்டுரை எழுதுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் ராமநாதபுரம் பக்கம் திருப்புல்லாணிக்குப் போங்கள். அங்கே அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றப் பிள்ளைகள் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டு, சுற்று வட்டாரத்தில் பானை ஓடும் பழைய காசும் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

அதுவும் தூரமா? எங்கள் வட்டாரத்தின் பேச்சையெல்லாம் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி' செய்த கண்மணி குணசேகரன் எந்தத் தமிழ்த் துறையிலும் உட்கார்ந்திருந்தவர் இல்லை. விருத்தாசலம் பக்கம் மணக்கொல்லைக்காரர், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். ஸ்பானர் பிடித்த கைதான் சொல்லையும் பொறுக்கியது. ஆராய்ச்சிக்காரன் வேலை என்று ஊர் காத்திருந்தால் அந்தச் சொற்களில் பாதி அவற்றைப் பேசியவர்களோடு சுடுகாட்டுக்குப் போயிருக்கும்.

பள்ளிக்கூடம் கேட்கிற 'ப்ராஜெக்ட்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டேஷனரிக் கடையில் படத்தாள் பத்து ரூபாய். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், காந்தி எல்லாம் கத்தரித்து ஒட்டுகிற அளவில் கிடைக்கும். அப்பா வெட்டுவார், அம்மா ஒட்டுவாள், பிள்ளை பெயர் மட்டும் எழுதும். பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்று 2005 தேசியக் கலைத்திட்டம் முதல் கொள்கையாகவே எழுதி வைத்தது. பத்து ரூபாய்ப் படத்தாள் அதைத் தோற்கடித்துவிட்டது.

பந்திக்காரர் சொல்லாத, ஆனால் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருக்கக்கூடிய ஒரு வாதம் இருக்கிறது. ஊர் வரலாறு என்று கிளறினால் நம் நாட்டில் அது சாதிப் பெருமையில் போய்த்தான் முடியும். நாங்கள் அந்த வம்சம், நாங்கள் இந்தப் படையில் வாள் பிடித்தவர்கள். சங்கம் சங்கமாக அச்சடித்த புத்தகங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் கையில் அதைக் கொடுப்பதைவிடக் கார்ட்டூன் பார்க்க விடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புளுகு மேடையில் விளைகிறது, அடுப்பங்கரையில் விளைவதில்லை. வீட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை வாளிடம் போய்ச் சேராது. துணி வெளுத்தவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்றுதான் கேட்கும். என் மகள் கேட்டாள். "களத்துல நெல்லு, பொழுது போனா சோறு" என்றார் ஆயா. "வூட்டுக்குள்ள வந்து சாப்டுவாங்களா ஆயா?" என்றாள். ஆயா பதில் சொல்லாமல் வெற்றிலையை எடுத்தார். அந்த மௌனத்தையும் நோட்டில் எழுதச் சொன்னேன்: 'ஆயா ஒன்றும் சொல்லவில்லை.' விருத்தாசலத்திலேயே இருக்கும் இமையம் 1994-இல் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். காலனிக்கு வெளுத்துப் போட்டு, சோறும் தானியமும் வாங்கி வாழ்ந்த ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. பிள்ளைகள் பெரிதானதும் அதைப் படிப்பார்கள். படிக்கும்போது அந்த வரி நினைவுக்கு வரும். வம்சப் பெருமைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய பத்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்தோம். தாத்தா வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரம். 'தென்னாற்காடு ஜில்லா விருத்தாசலம் தாலுகா' என்று தொடங்குகிறது. நாங்கள் இருப்பது கடலூர் மாவட்டம். வீடு நகரவில்லை, ஜில்லா எப்படி மாறியது? 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் பிரிந்துபோனதும் மிச்சம் கடலூர் மாவட்டம் ஆனது என்ற விடை அவர்களுக்கு அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. பாடத்தில் ஒரு வரியாக வந்திருந்தால் அரைப் பரீட்சையோடு போயிருக்கும். பத்திரத்தில் 'காணி' என்றிருந்தது. ஒரு காணிக்கு எத்தனை சென்ட் என்று தெருவில் மூன்று பெரியவர்களிடம் கேட்டார்கள், மூன்று விடை வந்தது. ஒவ்வொருவரும் மற்ற இரண்டு பேருக்கும் விவரம் போதாது என்றார்கள். மூன்றையும் எழுதிக்கொண்டு, யார் எந்த ஊரிலிருந்து பெண் எடுத்து வந்தவர், எந்த ஊரில் உழுதவர் என்றும் பக்கத்தில் குறித்தார்கள். அளவு ஊருக்கு ஊர் மாறும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கங்கைகொண்டசோழபுரம் போக வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்களும் போனோம். சுற்றுலா பஸ்ஸில் இல்லை, டவுன் பஸ் மாறி மாறி. விமானத்தை அண்ணாந்து பார்த்த கையோடு மகன் ஓடிப்போய்க் கல்வெட்டு எழுத்தைத் தடவினான். "இதுலயும் பால் கணக்கு இருக்குமாப்பா?" என்றான். முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று, கோயிலுக்கு முதுகைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கேட்பதற்கு ஒரு கேள்வியையும் கையில் கொடுக்காமல் இவ்வளவு தூரம் கூட்டி வந்தது பெரியவர்கள்.

பந்திக்காரரே, உங்கள் வீட்டிலும் ஒரு ஜாடி இருக்கும். பேரன் பேத்தி யாராவது விடுமுறைக்கு வருவார்கள். ஊறுகாய் தீர்ந்ததும் அதைக் கவிழ்த்து அவர்கள் கையில் கொடுங்கள். இன்னொரு சில்லறை வேலையும் இருக்கிறது. எங்கள் தெருவில் கருவேப்பிலை மரம் எத்தனை என்று பிள்ளைகள் எண்ணினார்கள். நான்கு இருக்கின்றன; இரண்டு வீட்டில் வெட்டிவிட்டு பாத்ரூம் கட்டியிருக்கிறார்கள். உங்கள் தெருவில் எத்தனை என்று சொல்லியனுப்புங்கள், நோட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.